களைச்செடியின் மருந்தும் வாப்பாவின் குளிசையும்

கேள்வி

என் வாப்பாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தரும் மெட்போமின் குளிசையைக் காலையும் இரவும் போட்டுவருகிறார். பக்கத்து வளவில் இருக்கும் மாமி, கடற்கரை மணலில் முளைக்கிற பட்டிப்பூவின் இலையை ஒரு கைப்பிடி அவித்து வெறும் வயிற்றில் குடித்தால் குளிசையே தேவைப்படாது என்று சொல்லி, இலையையும் ஆய்ந்து கொண்டுவந்து தந்துவிட்டார். வாப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. இதற்கிடையில் நாயுண்ணிச் சாறு புற்றுநோயைக் கொல்லும் என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகன், "களைகளில் மருந்து இருப்பதை விஞ்ஞானமே ஒத்துக்கொள்கிறது உம்மா, நாமதான் பெக்கோ போட்டு அள்ளி எறிகிறோம்" என்கிறான். எங்கள் வயல் வாய்க்காலை ஆற்றுவாழை மூடிக் கிடக்கிறது. பள்ளக்காணி ஓரமெல்லாம் நாயுண்ணி. இவற்றில் உண்மையாகவே மருந்து இருக்கிறதா? இருந்தால் வாப்பாவுக்குக் கொடுக்கலாமா? மருந்தென்றால் ஏன் அழிக்கச் சொல்கிறார்கள்?

— ஓர் ஆசிரியை, சம்மாந்துறை

பதில்

சகோதரி, அந்த இலையை வாப்பாவுக்கு அவித்துக் கொடுக்காதீர்கள். குளிசையையும் நிறுத்த விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். காரணம் கேட்டால் வாப்பாவே ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

உங்கள் மகன் சொல்வதில் பிழையில்லை. அவன் நினைப்பதைவிடவும் அது உண்மை. வாப்பா தினமும் விழுங்குகிற மெட்போமினின் பூர்வீகமே ஒரு களைச்செடிதான். கலேகா என்ற அந்தச் செடி அவரை, பயறு இனத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் அடிக்கடி சிறுநீர் போகிறவர்களுக்கு நாட்டு வைத்தியர்கள் அதைக் கொடுத்துவந்தார்கள். 1891இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு மாட்டுத் தீவனமாகும் என்று கொண்டுபோனார்கள். மாடு அதைச் சீண்டவில்லை. தின்ற ஆடுகள் செத்தன. வாய்க்கால் கரை, ஈரமான மேய்ச்சல் நிலம் என்று செடி பரவி, இன்று அமெரிக்காவின் தீங்குக்களைப் பட்டியலில் இருக்கிறது.

ஆட்டைக் கொன்ற பொருளின் பெயர் கலேஜின். சீனியைக் குறைப்பதும் அதேதான். 1920களில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சீனி இறங்கியது, ஆனால் நஞ்சு தாங்க முடியாததாக இருந்தது, நெடுநாள் கொடுக்க முடியவில்லை. அதன் உறவுமுறையில் ஆய்வுகூடத்தில் செய்த வேறு சில சேர்வைகளும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்ததால் கைவிடப்பட்டன. அதே குடும்பத்தில் ஒன்றுதான் மெட்போமின். 1922இல் டப்ளினில் இரு இரசாயனவியலாளர்கள் அதை முதலில் தயாரித்தபோது, அதை வைத்து நோயாளிக்கு என்ன செய்யலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்போதுதான் இன்சுலின் வந்திருந்த நேரம், எல்லாக் கண்ணும் அதன் மேல். 1957இல் பாரிசில் ஜோன் ஸ்டேன் என்ற வைத்தியர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, பலனை எழுதி வெளியிட்டார். அவர் இளம் வைத்தியராக இருந்த காலத்தில் கலேஜினோடு பழகியவர். அமெரிக்கா அதை அனுமதிக்க 1994 இறுதிவரை ஆனது.

இன்று அந்தக் குளிசைக்காக யாரும் கலேகாச் செடியைப் பிடுங்குவதில்லை. தொழிற்சாலையில் முழுக்க இரசாயன முறையில் தயாராகிறது. செடி கொடுத்தது மூலக்கூறின் சாயலை மட்டும். நஞ்சை எடுத்துவிட்டு நன்மையை வைத்துக்கொள்ளும் வேலைக்கு மனிதருக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்த உழைப்பெல்லாம் அடங்கிய குளிசை வாப்பாவின் கையில் இருக்கிறது, அதுவும் இலவசமாக. அதை வைத்துவிட்டு இலைக்குத் திரும்புவது, அந்தப் பத்தாண்டுகளுக்கு முன்னால் போய் நிற்பதாகும்.

இப்போது பட்டிப்பூ. மாமி மேல் கோபப்படாதீர்கள். சீனிக்குப் பட்டிப்பூ என்று நம்பியவர் அவர் மட்டுமல்ல. மடகாஸ்கரில் பிறந்து, கப்பலேறி, வெப்பநாட்டுக் கரையெல்லாம் தானாக முளைக்கப் பழகிய செடி அது. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள். போன இடமெல்லாம் சீனி வருத்தத்துக்கு அதை அவித்துக் குடித்திருக்கிறார்கள். 1952இல் ஜமெய்க்காவிலிருந்து ஒரு வைத்தியர், தன்னுடைய நோயாளிகள் குடிக்கும் தேநீர் இது என்று 25 இலைகளை ஓர் உறையில் போட்டுக் கனடாவுக்கு அனுப்பினார். அந்த உறை கடைசியில் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் றொபேட் நோபல் என்ற ஆய்வாளரின் மேசைக்கு வந்தது. அவர் சாறெடுத்து எலிகளுக்கு வாயால் கொடுத்தார். சீனியில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஊசியாக ஏற்றிப் பார்த்தார். சில நாட்களில் எலிகள் கிருமித்தொற்றுக் கண்டு செத்தன.

ஏன் செத்தன என்று தேடியதுதான் அவர் செய்த பெரிய வேலை. எலிகளின் இரத்தத்தில் வெண்குழியங்கள் அப்படியே வீழ்ந்துபோயிருந்தன, என்புமச்சை வற்றியிருந்தது. கிருமியை எதிர்க்க உடம்பில் படையில்லை. வெண்குழியங்களை இப்படி வீழ்த்துகிற பொருள், வெண்குழியங்கள் கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோயில் உதவாதா? சார்ல்ஸ் பியர் என்ற இரசாயனவியலாளரோடு சேர்ந்து அந்தப் பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அமெரிக்க மருந்துக் கம்பனியான எலி லில்லியும் அதே காலத்தில் தனி வழியில் இதே செடிக்கு வந்து சேர்ந்தது. அடுத்து வின்கிரிஸ்டின் வந்தது. இரண்டும் 1960களின் தொடக்கத்திலேயே பாவனைக்கு வந்துவிட்டன. குழந்தைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்றுநோய் வகைக்கு இன்றுவரை வின்கிரிஸ்டின் இல்லாமல் சிகிச்சை இல்லை. முன்பு அந்த நோய் கண்ட பிள்ளையைப் பெற்றோர் பறிகொடுக்கத்தான் வேண்டும். இன்று நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துப் பள்ளிக்கூடம் போகிறார்கள். மணலில் கிடந்த ஒரு பூஞ்செடியால் இது நடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோ வரை. நோயாளிக்கு ஏற்றுவதோ சில மில்லிகிராம், நாளத்துக்குள், வைத்தியரின் கண்பார்வையில், இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து. மாமி தந்த கைப்பிடி இலையில் இந்த இரண்டோடு இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட காரப்பொருட்கள் கலந்து கிடக்கின்றன. எந்த இலையில் எது எவ்வளவு என்பது மண், வெயில், பருவத்துக்கேற்ப மாறும். இரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியவையும் நரம்பைத் தாக்கக்கூடியவையும் அவற்றில் உண்டு. சீனி வருத்தக்காரருக்குப் புண் ஆறுவது ஏற்கெனவே கடினம், காலில் விறைப்பும் இருக்கலாம். அவருக்குக் கிருமியை எதிர்க்கும் கலங்களையும் நரம்பையும் சோதிக்கும் ஒரு கஷாயம் எதற்கு?

களைகளில் மட்டும் ஏன் இவ்வளவு வீரியமான இரசாயனம் என்று மகன் கேட்பான். செடிக்கு ஓட முடியாது. கடிக்கிற பூச்சி, மேய்கிற மாடு, பக்கத்தில் முளைக்கிற போட்டிச் செடி எல்லாவற்றையும் அது இரசாயனத்தால்தான் சமாளிக்க வேண்டும். பிறந்த மண்ணில் அந்த ஆயுதத்துக்குப் பழகிய பூச்சிகளும் செடிகளும் இருக்கும். புது நாட்டில் அதற்குப் பழகியவர் யாருமில்லை. பரவுவதற்கு அதுவும் ஒரு காரணம். நாயுண்ணி அடியில் புல் முளைக்காததும் மாடு அதை ஒதுக்கி மேய்வதும் இதனால்தான். ஆக, ஊரைப் பிடிக்கிற களைகளில் மருந்து தேடுவது நியாயமான தேடல். உயிருள்ள கலத்தில் ஏதோ செய்யக்கூடிய பொருள் அங்கே இருக்கிறது என்று செடியே காட்டித் தருகிறது. அது நல்லது செய்யுமா கெட்டது செய்யுமா என்பதைச் செடி சொல்லாது.

நாயுண்ணியில் இருப்பவை லன்டடீன்கள். வரட்சியில் புல்லில்லாமல் மாடு அதை மேய்ந்துவிட்டால் ஈரல் பழுதுபட்டு மஞ்சட்காமாலை வரும். வெயில் பட்டால் மூக்கும் காதும் வெந்து தோல் உரியும். உங்கள் பக்கத்து மாட்டுக்காரரைக் கேட்டால் தெரிந்திருக்கும். இந்தியாவில் இமாசலப் பிரதேசத்துப் பாலம்பூரில் இருக்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இந்த நஞ்சைப் பல காலம் ஆராய்ந்தது. மாட்டைக் காப்பாற்றத்தான் தொடங்கினார்கள். பிறகு அதே லன்டடீனைச் சற்று மாற்றியமைத்தால் புற்றுக்கலங்களை அடக்குமா என்று அங்கும் வேறு ஆய்வுகூடங்களிலும் பார்க்கத் தொடங்கினார்கள். கண்ணாடித் தட்டிலும் எலியிலும் நம்பிக்கை தரும் அடையாளங்கள் தெரிந்தன. மனிதருக்கான மருந்து இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப் வீடியோ அந்த முதல் படியைக் காட்டிவிட்டுக் கடைசிப் படி வரை ஏறிவிட்டதாகச் சொல்கிறது. தட்டில் வளர்க்கும் கலத்தைக் கல்முனைக் கடல்நீரும் கொல்லும். புற்றுக்கலத்தைக் கொன்று பக்கத்து நல்ல கலத்தை விட்டுவைக்கிறதா, வயிற்றில் செரிக்காமல் இரத்தத்துக்குப் போகிறதா, ஈரல் தாங்குகிறதா என்பவைதான் கேள்விகள். பெரும்பாலான சாறுகள் அங்கேதான் விழுந்துவிடுகின்றன.

பார்த்தீனியத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இந்தியாவில் 1950களில் பூனாவில் கவனிக்கப்பட்ட அந்தக் களை, இலங்கையில் 1999இல் வவுனியாவில் அடையாளம் காணப்பட்டது. அதன் பார்த்தெனின் என்ற பொருளின் மூலக்கூறில் ஒரு முனை, புரதங்களிலுள்ள கந்தகத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும். தோலில் உள்ள புரதத்தைப் பற்றினால் தாங்க முடியாத சொறியும் கொப்புளமும். புற்றுக்கலத்துக்குள் இருக்கும் புரதத்தைப் பற்றினால் அந்தக் கலம் சாகலாம். நோய் தருவதும் நோய் தீர்க்கக்கூடியதும் ஒரே முனை! மருந்தாக்குவதென்றால் அந்த முனை வேண்டிய இடத்தில் மட்டும் பற்றும்படி செய்ய வேண்டும். அடுப்பில் வைத்து அவித்து அதைச் செய்ய முடியாது.

ஆற்றுவாழை வேறு மாதிரி. அமேசன் பக்கத்துச் செடி, 1905இல் அழகுக்காக இலங்கைக்கு வந்தது. நான்கே வருடத்தில், 1909இல், அதை ஒழிக்கவென்றே ஒரு சட்டம் போட வேண்டியதாயிற்று. கிட்டங்கியிலும் சாய்ந்தமருதுத் தோணாவிலும் அது படுத்தும் பாட்டை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் ஒரு சுவையான விஷயம் உண்டு. புரியாணிக்குப் போடுகிறோமே அன்னாசிப்பூ, அதிலிருந்து எடுக்கும் சிக்கிமிக் அமிலத்தில்தான் பறவைக் காய்ச்சல் காலத்தில் உலகமே தேடிய ஒசெல்டமிவிர் மருந்தைத் தயாரித்தார்கள். அப்போது அன்னாசிப்பூவுக்கே தட்டுப்பாடு வந்தது. 2014இல் பிரேசில் ஆய்வாளர்கள் ஆற்றுவாழையிலும் சிக்கிமிக் அமிலம் எடுக்கலாம் என்று காட்டினார்கள். ஆனால் ஆற்றுவாழையின் வேர், தண்ணீரில் இருக்கும் ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். கழிவுநீரைச் சுத்தமாக்க அதைப் பயன்படுத்துவதே இந்தக் குணத்தால்தான். வயலுக்கு அடித்த களைநாசினியும் பூச்சிமருந்தும் வடிந்து ஓடுகிற வாய்க்காலில் வளர்ந்த ஆற்றுவாழையை மருந்தென்று வாயில் வைப்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கிற நாடு இது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்கென்று மூலிகைக் குளிசை சாப்பிட்ட நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் போனது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக ஆடுதின்னாப்பாளை இனத்து வேறொரு செடி கலந்துவிட்டிருந்தது. செடியிலிருந்து வந்ததால் தீங்கில்லை என்று அவர்களும் நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

மருந்தென்றால் ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். மருந்துக்குக் களை காடாகக் கிடக்க வேண்டியதில்லை. வின்கிரிஸ்டினுக்கு வேண்டிய பட்டிப்பூவைத் தென் தமிழ்நாட்டில் வயலில் பயிராகவே போடுகிறார்கள். 2022இல் டென்மார்க் ஆய்வாளர்கள் மதுவத்தை மாற்றியமைத்து அந்த மருந்தின் மூலப்பொருட்களை அதனுள்ளேயே உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள். வாய்க்காலை மூடிய ஆற்றுவாழையால் கடைக்கண்டத்துக்குத் தண்ணீர் போகாமல் வேளாண்மை காய்ந்தால் அந்த நட்டம் இந்த வருடமே வீட்டுக்கு வரும். ஒரு பொருளுக்கு விலை வந்துவிட்டால் சிலர் அதை வளர்க்கவும் தொடங்குவார்கள். அதனால், அள்ளும் வேலை நிற்கக்கூடாது. ஆய்வுக்கு ஒரு சாக்கு இலை போதும்.

இனி உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. உங்கள் வேலியிலேயே படர்ந்திருக்கும் கொவ்வை, ஹவாயிலும் குவாமிலும் மரங்களை மூடிக் கொல்கிற பெருங்களை. அதை ஒடுக்க ஹவாயில் 1996இல் ஆபிரிக்காவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். நமக்கு அது சுண்டலுக்கு ஆகிற இலை. அந்த இலையை இலங்கை ஆய்வாளர்கள் ஒழுங்கான வழியில் சோதித்திருக்கிறார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், நோயில்லாத 61 பேரை வைத்து, ஒரு பகுதியினருக்கு 20 கிராம் கொவ்வை இலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, நம் வீட்டில் சாப்பிடுகிற மாதிரியே கொடுத்தார்கள். பிறகு சீனி குடிக்கக் கொடுத்து இரத்தத்தில் அளந்தார்கள். இலை சாப்பிட்டவர்களுக்குச் சீனி ஏறுவது குறைந்திருந்தது. ருகுணுப் பல்கலைக்கழகத்தில் இதே இலையை முதலில் எலிகளில் பல வருடம் பார்த்து, ஈரலும் சிறுநீரகமும் கெடவில்லை என்று உறுதிசெய்து, சாற்றை அளவான குளிகையாக்கி, புதிதாகச் சீனி வருத்தம் கண்டவர்களுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெறுங்குளிகை. எது யாருக்கு என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. 2021இல் வெளியான முடிவில், மருந்து எடுத்தவர்களின் மூன்று மாதச் சராசரிச் சீனி மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஒரு செடியைப் பற்றி "இது உதவும்" என்று சொல்ல இவ்வளவும் செய்ய வேண்டும். இதை நம் நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை.

ஆகவே வாப்பா ஆசைப்பட்டால் கொவ்வை இலைச் சுண்டலைச் சோற்றோடு கொடுங்கள், சோற்றைக் கொஞ்சம் குறைத்து. குளிசை அப்படியே தொடர வேண்டும். சுண்டலும் குளிசையும் சேர்ந்து சீனி கூடுதலாக இறங்கினால் வியர்வை, நடுக்கம், தலைசுற்று வரும்; அதற்காகச் சீனியை அளந்து பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதி வாருங்கள். அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே பட்டிப்பூக் கஷாயம் குடித்துவிட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். காய்ச்சல், வாய்ப்புண், கைகால் விறைப்பு இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் ஆதார வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். மூலிகை முறையில் பார்ப்பதுதான் வாப்பாவுக்குத் திருப்தி என்றால், நிந்தவூரில் தொற்றாநோய்களுக்கான ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை இருக்கிறது. படித்த யூனானி வைத்தியர்களும் நம் பக்கத்தில் உண்டு. அங்கே போகும்போதும் மெட்போமின் எடுப்பதைச் சொல்லியே பேசுங்கள்.

மகனுக்கு ஒரு வார்த்தை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கண்டி ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகம் இயற்கைச் சேர்வைகளில் பல காலம் வேலை செய்துவருகிறது. அங்கே போகும் முன் வீட்டிலிருந்தே பழகக்கூடியது ஒன்று உண்டு. ஒரு களையின் பூவோடு கூடிய கிளையைப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, எடுத்த இடம், திகதி, மண், பூவின் நிறம் எல்லாம் எழுதிவைக்கட்டும். பேராதனைத் தேசிய மூலிகைக்காட்சியகத்தில் பெயரை உறுதிசெய்துகொள்ளலாம். பெயர் பிழைத்தால் அதன் பிறகு செய்யும் ஆய்வு முழுவதும் வீண். பெல்ஜியத்தில் நடந்தது அதுதான். பிறகு நிழலில் உலர்த்துவது, தூளாக்குவது, கெக்சேனிலும் எதைல் அசற்றேற்றிலும் மெதனோலிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஊறவைத்துப் பிரிப்பது, எந்தப் பகுதிக்கு வீரியம் என்று உப்புநீர் இறால் குஞ்சுகளில் சோதிப்பது இவையெல்லாம் பீடத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கச் செய்ய வேண்டிய வேலை. வீட்டு அடுப்பில் கரைப்பான் எதையும் சூடாக்கக் கூடாது, தீப்பிடிக்கும். பார்த்தீனியத்தை எங்காவது கண்டால் சேகரிக்கும் ஆசையில் வெறுங்கையால் தொட வேண்டாம். பூக்குமுன் கமநல சேவை நிலையத்துக்குச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.